ஒரே நடையில் அள்ளிவிடலாமா? பழைய கூரையைப் பிரிக்கும்போது வண்டி பேசும் கணக்கு

கேள்வி: ''எங்களிடம் ஒன்பது கறவை மாடுகள் இருக்கின்றன. மாட்டுக்கொட்டகை 50 அடி நீளம், 20 அடி அகலம். மங்களூர் ஓடு போட்டது. பக்கத்திலேயே 20-க்கு 15 அடியில் வைக்கோல் கொட்டகை. அதற்கு ஆஸ்பெஸ்டாஸ் ஷீட். கிணற்றடி மோட்டார் ரூம் 10-க்கு 10. அதன் கான்கிரீட் தளம் கம்பி துருப்பிடித்துப் பெயர்ந்து விழுகிறது. மூன்றையும் பிரித்துவிட்டுப் புதுக்கூரை போடப்போகிறோம். பழைய இடிபாட்டை அள்ள எந்த வண்டியை வாடகைக்குப் பேசுவது என்பதில் வீட்டில் தினமும் வாக்குவாதம். 'குட்டி யானையே போதும்' என்கிறான் மகன். 'டிப்பர் லாரியைக் கூப்பிடு, ஒரே அடியாக முடியும்' என்கிறார் கணவர். ஊர் டிராக்டர்காரரோ, 'எல்லாத்தையும் ஒரே நடையில அள்ளி ஏரிக்கரையில தள்ளிடறேன்க்கா, கவலைய விடுங்க' என்கிறார். யார் சொல்வது சரி?''

- ஒரு வாசகி, செய்யாறு.

பதில்: மூன்று பேர் சொல்வதிலும் கொஞ்சம் சரி இருக்கிறது, கொஞ்சம் தவறும் இருக்கிறது. டிராக்டர்காரர் சொல்லும் ஏரிக்கரை மட்டும் முழுத்தவறு. அதைப் பிறகு பார்க்கலாம். முதலில் கணக்கு.

கூரை பிரிக்கிறவர்கள் பெரும்பாலும் வண்டியின் தொட்டி எவ்வளவு பெரியது என்று மட்டும்தான் பார்க்கிறார்கள். இடிபாடு என்பது இடத்தை அடைக்கிற பொருள் மட்டுமல்ல, எடையுள்ள பொருள். பழைய தென்னங்கீற்று ஒரு தொட்டி நிறைய ஏற்றினாலும் வண்டிக்குச் சுமையே தெரியாது. அதே தொட்டியில் கான்கிரீட் உடைசலைப் பாதி ஏற்றினாலே பட்டை உட்கார்ந்துவிடும். ஆகவே எந்த வண்டியாக இருந்தாலும் எத்தனை யூனிட் பிடிக்கும், எத்தனை டன் தாங்கும் என்ற இரண்டையும் கேட்க வேண்டும்.

இடத்தை அளப்பது எப்படி?

மணல், ஜல்லி வாங்கும்போது சொல்கிற அதே யூனிட்தான். 100 கன அடி ஒரு யூனிட். வண்டித் தொட்டியின் உள்நீளம், உள்அகலம், பலகை உயரம் மூன்றையும் அடியில் அளந்து பெருக்கி நூறால் வகுத்தால் யூனிட் கணக்கு வந்துவிடும். 10 அடி நீளம், 6 அடி அகலம், 2 அடி உயரமுள்ள டிரெய்லர் என்றால் 120 கன அடி, அதாவது 1.2 யூனிட். 'ஒன்றரை யூனிட் வண்டி' என்று சொல்லிக் கூலி பேசுகிறவரிடம், டேப்பை எடுத்து அளந்து பார்ப்பதில் சங்கடப்பட ஒன்றுமில்லை. குவித்து ஏற்றுவதைக் கணக்கில் சேர்க்கக் கூடாது. ஓட்டுத்துண்டு பலகைக்கு மேலே குவிந்திருந்தால் வழியெங்கும் விழும். பின்னால் இருசக்கர வண்டியில் வருகிறவர் என்ன ஆவார் என்று நினைத்துப் பார்க்க வேண்டும்.

தாங்கும் எடையைத் தெரிந்துகொள்ள ஆர்.சி. புத்தகத்தைப் பார்த்தால் போதும். சுமையோடு சேர்த்த மொத்த எடை, காலி எடை இரண்டும் அதில் இருக்கும். மொத்தத்தில் காலியைக் கழித்தால் கிடைப்பதுதான் ஏற்றக்கூடிய பாரம். மோட்டார் வாகனச் சட்டத்தில் 2019-ல் செய்த திருத்தத்தின்படி, அளவுக்கு மேல் பாரம் ஏற்றினால் 20,000 ரூபாய் அபராதம். அதோடு கூடுதலாக உள்ள ஒவ்வொரு டன்னுக்கும் 2,000 ரூபாய். ஒரு நடையை மிச்சப்படுத்தப் போய், பத்து நடைக் கூலிக்கு மேல் கட்ட வேண்டி வரலாம்.

மூன்று கூரை, மூன்று கணக்கு

கொத்தனார்கள் 100 சதுர அடியை ஒரு 'சதுரம்' என்பார்கள். கூரைக் கணக்குக்கு அதுவே வசதி.

ஓட்டுக் கொட்டகை: 50-க்கு 20 அடி என்றால் தரையளவில் 10 சதுரம். கூரை சரிவாக இருப்பதால் மேற்பரப்பு அதைவிடக் கூடும். வழக்கமான ஓட்டுச்சரிவுக்கு ஏறத்தாழ 15 சதவிகிதம் சேர்த்தால் பதினொன்றரை சதுரம். ஒரு சதுரத்துக்குச் சுமார் 150 மங்களூர் ஓடு என்று வைத்தால் மொத்தம் 1,725 ஓடுகள். ஓர் ஓடு இரண்டரை கிலோ என்று பிடித்தால் 4,300 கிலோ. ஓடு ஊருக்கு ஊர், சூளைக்குச் சூளை மாறும். அதனால் பத்து ஓட்டை இறக்கி, தவிட்டு மூட்டை நிறுக்கும் தராசில் வைத்துப் பார்த்துக்கொள்வது நல்லது. மழையில் நனைந்த ஓடு தண்ணீர் குடித்து, பத்தில் ஒரு பங்குக்கு மேல் கூட எடை ஏறும்.

ஆனால், நாலேகால் டன்னும் இடிபாடு அல்ல. நிதானமாக இறக்கினால் பாதிக்கு மேற்பட்ட ஓடு நல்ல ஓடாகவே கிடைக்கும். மூன்றில் ஒரு பங்கு உடைசல் என்று வைத்தால், முகட்டுக் காரையையும் சேர்த்து ஒன்றரை டன். தொட்டியில் அது அரை யூனிட் இடத்தை அடைக்கும். நல்ல ஓட்டுக்கு எப்போதும் கிராக்கி உண்டு. அவற்றை நிறுத்தி அடுக்கிவைத்தால் கோழிக்கொட்டகைக்கு ஆகும், இல்லையென்றால் விலைக்குப் போகும். பனங்கை, ரீப்பர் சட்டங்களும் அப்படியே. வைரம் பாய்ந்த பனங்கையை இடிபாட்டோடு சேர்த்து அனுப்பிவிட்டுப் பிறகு புதிதாகக் கம்பு வாங்குகிறவர்கள் உண்டு.

மோட்டார் ரூம்: 10-க்கு 10 அடி, 4 அங்குல கனம். இது 33 கன அடி கான்கிரீட். ஒரு கன அடி 68 கிலோ வரும். ஆக, இரண்டேகால் டன். உடைத்த பிறகு இடைவெளி விழுந்து ஒன்றரை மடங்காகப் பெருகும். அப்போதும் 50 கன அடி, அரை யூனிட்தான். பார்வைக்குச் சின்னக் குவியல். எடையோ மொத்த ஓட்டு உடைசலைவிட அதிகம். அந்த ஒரு சின்ன அறைதான் எல்லோருடைய கணக்கையும் கெடுப்பது.

ஆஸ்பெஸ்டாஸ் ஷீட்: 20-க்கு 15 அடி என்றால் 3 சதுரம். ஒன்றன்மேல் ஒன்று ஏறியிருக்கும் மடிப்பையும், சரிவையும் சேர்த்தால் 3.6 சதுரம். ஒரு சதுரத்துக்கு ஏறத்தாழ 125 கிலோ. மொத்தம் 450 கிலோ. எடை குறைவு. ஆனால் மூன்றிலும் மிகக் கவனமாகக் கையாள வேண்டியது இதுதான்.

எந்த வண்டி?

இப்போது மகன் சொல்லும் குட்டி யானையைப் பார்ப்போம். அதன் தொட்டி ஏழடி நீளம், ஐந்தடிக்குச் சற்றுக் குறைந்த அகலம், ஓரடிப் பலகை. 35 கன அடிதான் பிடிக்கும். தாங்கும் பாரம் முக்கால் டன் அளவு. அதில் கான்கிரீட் உடைசலைப் பலகை மட்டத்துக்கு நிரப்பினால் ஒன்றரை டன்னைத் தாண்டும். இரண்டு மடங்கு பாரம். ஒழுங்காக ஏற்றினால் மோட்டார் ரூம் தளத்துக்கு மட்டுமே மூன்று நடை, ஓட்டு உடைசலுக்கு இரண்டு நடை. ஆக ஐந்து நடை. தொட்டி தானாகக் கவிழாத வண்டி என்றால் ஒவ்வொரு நடைக்கும் மண்வெட்டியால் இழுத்து இறக்கும் கூலி வேறு.

கணவர் சொல்லும் டிப்பர் லாரிக்கு இது எதுவும் பாரமே இல்லை. இரண்டு, மூன்று யூனிட் பிடிக்கும் லாரியில் ஒரே நடையில் ஓடும் கான்கிரீட்டும் போய்விடும். ஆனால், ஒரு யூனிட் இடிபாட்டுக்கு மூன்று யூனிட் வண்டிக்கான கூலி கொடுக்க வேண்டியிருக்கும். அதோடு, லாரி கொட்டகை வரை வர வழி வேண்டும். வரப்போரமாகப் புதைத்த பி.வி.சி. குழாய், சாணக்குழி மூடி, செப்டிக் டேங்க் பலகை இவற்றின் மேல் லாரிச் சக்கரம் ஏறினால் நொறுங்கிவிடும். பக்கத்து வீட்டாரும் அதே வாரத்தில் இடிப்பு வேலை வைத்திருந்தால், இருவரும் சேர்ந்து லாரி பேசலாம். அப்போதுதான் அது லாபம். மாடி வீட்டின் மெட்ராஸ் தளத்தை உடைப்பவர்களுக்கும் லாரிதான் சரி. அங்கே கணக்கு பல டன்களில் போகும்.

இந்த வாசகியின் வேலைக்குப் பொருத்தமானது ஒரு யூனிட் அளவுள்ள, தானாகக் கவிழ்க்கும் டிராக்டர் டிப்பர். ஓடும் கான்கிரீட்டும் சேர்ந்து ஒரு யூனிட், ஏறத்தாழ மூன்றே முக்கால் டன். டிரெய்லரின் ஆர்.சி. அவ்வளவு பாரத்தை அனுமதித்தால் ஒரே நடை. இல்லையென்றால் ஓடு ஒரு நடை, கான்கிரீட் ஒரு நடை என இரண்டு நடை. இரண்டு நடையாகப் போவதில் இன்னொரு நன்மையும் உண்டு. இரண்டும் கலக்காமல் இருக்கும். கலக்காத இடிபாட்டுக்குத்தான் மறுபடியும் பயன் உண்டு.

ஷீட்டை இவற்றோடு சேர்க்கவே கூடாது. அதற்குத் தனி வண்டி. எடையைப் பார்த்தால் குட்டி யானை போதும். மகன் சொல்வது அந்த அளவில் சரி. ஆனால், 15 அடி அகலக் கொட்டகையில் இரண்டு பக்கச் சரிவு என்றால் ஷீட் எட்டடிக்கு மேல் நீளமிருக்கும். ஏழடித் தொட்டியில் அது வெளியே நீட்டிக்கொண்டு ஆடும், உடையும். இந்த ஷீட் உடையவே கூடாது. அதனால் ஷீட் முழு நீளத்துக்கும் படுக்கிற தொட்டியுள்ள பிக்கப் வண்டி பேச வேண்டும். டிப்பரில் ஏற்றிக் கவிழ்ப்பது கூடவே கூடாது.

டிரெய்லரைக் கழற்றி விட்டுப் போகச் சொல்லலாமா?

வெளிநாடுகளில் கூரை மாற்றுகிற வீடுகளின் வாசலில் பெரிய இரும்புத் தொட்டியைக் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போவார்கள். நாலைந்து நாள் வேலை நடக்கும்போதே உடைசலை நேராக அதில் போடுவார்கள். நிரம்பிய பிறகு லாரி வந்து தூக்கிக்கொண்டு போகும். தொட்டியின் அளவு, நாள், டன் மூன்றுக்கும் சேர்த்துத்தான் வாடகை. அந்த ஏற்பாட்டை நம் ஊரில் டிராக்டர் டிரெய்லரை வைத்தே செய்யலாம்.

வண்டி இன்ஜினோடு நின்றால் காத்திருப்புக் கூலி ஏறிக்கொண்டே போகும். உடைசலைக் கீழே குவித்துப் பிறகு அள்ளினால் ஒரே வேலைக்கு இரண்டு கூலி. அதற்குப் பதில், 'அண்ணே, டிரெய்லரை மட்டும் ரெண்டு நாள் கழட்டி விட்டுட்டுப் போங்க. ரொம்பினதும் போன் பண்றோம்' என்று கேட்டால், வேலை குறைவாக உள்ள காலத்தில் பெரும்பாலானவர்கள் ஒப்புக்கொள்வார்கள். அறுவடைக் காலத்தில் கிடைக்காது. சம்பா அறுவடை முடிந்து, மழைக்கு முன்னால் உள்ள இடைவெளிதான் இதற்கு ஏற்றது.

கழற்றி நிறுத்தும் டிரெய்லரைச் சமமான, கெட்டியான தரையில் நிறுத்த வேண்டும். சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கல் வைக்க வேண்டும். முன்பக்க முட்டுக் கட்டையின் அடியில் பலகை போட வேண்டும். பின்பக்கமாகவே பாரத்தை ஏற்றினால் இரண்டு சக்கர டிரெய்லர் ஏற்றம் போல மேலே தூக்கிக்கொள்ளும். அதனால் நடுவிலும், முன்புறத்திலும் முதலில் ஏற்ற வேண்டும். மாடுகள் கட்டும் இடத்திலிருந்தும் தள்ளி இருக்க வேண்டும்.

இன்னொரு விஷயத்தையும் முன்கூட்டியே கேட்டுக்கொள்ள வேண்டும். விவசாயப் பயன்பாட்டுக்கென்று பதிவான டிராக்டர், டிரெய்லரை வாடகை இடிபாட்டுக்கு ஓட்டி விபத்து நடந்தால் காப்பீட்டுப் பணம் கிடைப்பதில் சிக்கல் வரும். இடிபாட்டின் மேல் கூலியாட்களை உட்காரவைத்து அனுப்புவது அதைவிட மோசம். ஆட்கள் தனியே போகட்டும்.

தொட்டியைத் தூக்கிக் கவிழ்க்கும்போது மேலே பார்க்க வேண்டும். வயல்வெளிகளில் மின்கம்பி தாழத் தொங்குவது எல்லோருக்கும் தெரியும். தூக்கிய தொட்டி கம்பியில் பட்டால் வண்டி முழுவதும் மின்சாரம் பாயும். சரிவான இடத்தில் தூக்கினால் வண்டியே சாயும். சமதரை, மேலே வெட்டவெளி, பக்கத்தில் ஆள் இல்லை. இந்த மூன்றும் இருந்தால் மட்டுமே தொட்டி மேலே போகலாம்.

ஏரிக்கரை ஏன் கூடாது?

வண்டி பேசுவதற்கு முன்னால் முடிவு செய்ய வேண்டியது கொட்டும் இடம். இடம் தெரியாமல் வண்டி பேசினால், ஓட்டுநர் தனக்குச் சுலபமான இடத்தில்தான் தள்ளுவார். அது ஏரிக்கரையாக, வரத்துக்கால்வாயாக, புறம்போக்காக இருக்கும். கால்வாயில் விழுந்த ஒரு டிரெய்லர் காரையும் ஓடும் மழைக்காலத்தில் தண்ணீரை மறிக்கும். கடைமடைக்காரருடைய வயல் காயும். இவர் வீட்டுக் கொட்டகை புதிதாகும்போது இன்னொருவர் வயல் வீணாக வேண்டுமா என்பதுதான் கேள்வி. கட்டுமான, இடிபாட்டுக் கழிவுகளைச் சாலையிலோ, வடிகாலிலோ, நீர்நிலையிலோ கொட்டக் கூடாது, உருவாக்கியவரே பொறுப்பு என்று 2016-ல் வந்த விதிகளே தெளிவாகச் சொல்லியிருந்தன. கொட்டியது டிராக்டர்காரர் என்று சொல்லித் தப்ப முடியாது.

உண்மையில், இந்த வாசகியின் இடிபாட்டில் பெரும்பகுதி அவருடைய இடத்தை விட்டு வெளியே போக வேண்டிய அவசியமே இல்லை. ஓட்டு உடைசலையும், கம்பி எடுத்த கான்கிரீட் துண்டையும் கைச்சம்மட்டியால் உடைத்து, புதுக்கொட்டகைத் தரையின் அடிப்பகுதியில் நிரப்பித் திம்சு போடலாம். கொட்டகைக்குப் போகும் சேற்றுப்பாதைக்குப் போடலாம். ஜல்லி வாங்கும் செலவு குறையும். அப்படிச் செய்தால் வண்டியே ஒரு நடை குறைந்துவிடும். மீதி உள்ளதை ஊராட்சியில் கேட்டு, அவர்கள் காட்டும் பள்ளத்தில் கொட்டலாம்.

விளைநிலத்தில் மட்டும் போடக் கூடாது. காரையில் உள்ள சுண்ணாம்பும் சிமெண்டும் மண்ணின் காரத்தன்மையை உயர்த்தும். ஓட்டுத்துண்டு ரோட்டவேட்டர் கத்தியை முறிக்கும். நடவுக்கு இறங்குகிற பெண்களின் காலைக் கிழிக்கும். ஒருமுறை போட்டதைப் பத்து வருடம் பொறுக்க வேண்டியிருக்கும்.

ஆஸ்பெஸ்டாஸ்: அவசரம் ஆகாது

ஆஸ்பெஸ்டாஸ் ஷீட் என்பது கல்நார் இழையைச் சிமெண்டில் கலந்து செய்தது. முழுசாக இருக்கும்வரை இழை உள்ளேயே கட்டுண்டு கிடக்கும். உடைத்தால், அறுத்தால், தேய்த்தால் கண்ணுக்குத் தெரியாத இழை தூசியாகப் பறந்து நுரையீரலில் போய்த் தங்கும். அதனால் வரும் நோய் இருபது, முப்பது வருடம் கழித்துத்தான் தலைகாட்டும். உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை, எல்லா வகை ஆஸ்பெஸ்டாஸையும் புற்றுநோய் உண்டாக்கும் பொருட்களின் முதல் பிரிவில் வைத்திருக்கிறது. நம் நாட்டில் வெள்ளை ஆஸ்பெஸ்டாஸ் ஷீட் விற்பனைக்குத் தடை இல்லை. தடை இல்லை என்பதால் ஆபத்து இல்லை என்று ஆகிவிடாது.

அதைவிட உடனடி ஆபத்து, ஏறி மிதிப்பது. வெயிலிலும் மழையிலும் பல வருடம் கிடந்த ஷீட் மேலே பார்க்கக் கெட்டியாகத் தெரியும். ஆள் கால் வைத்ததும் படாரென்று விட்டுவிடும். அதில் விழுந்து முதுகெலும்பு முறிந்தவர்களும், உயிரை விட்டவர்களும் ஊருக்கு ஊர் உண்டு. ஷீட்டை மிதிக்கவே கூடாது. கீழிருந்து சாரம் கட்டி, அங்கிருந்தே கழற்றுவது நல்லது. மேலே போய்த்தான் ஆக வேண்டும் என்றால், சட்டங்களுக்குக் குறுக்கே அகலப் பலகை போட்டு, இடுப்பில் கயிறு கட்டி, அதன் மேல்தான் நகர வேண்டும்.

பிரிக்கும் முறை: கைத்தெளிப்பானை மருந்து வாடை போகக் கழுவி, தண்ணீரில் சில சொட்டு சோப்புக் கரைசல் கலந்து, ஷீட்டின் மேல் பனி போலத் தெளித்து நனைக்க வேண்டும். மோட்டார் வைத்து வேகமாகப் பீய்ச்சக் கூடாது. அது மேற்பரப்பையே பெயர்க்கும். ஜே போல்ட்டை ஸ்பானரால் கழற்ற வேண்டும். துருப்பிடித்துச் சுற்றவில்லை என்றால் போல்ட்டை மட்டும் கைரம்பத்தால் அறுக்க வேண்டும். வெட்டும் மிஷினை அருகில் கொண்டுவரக் கூடாது. ஒவ்வொரு ஷீட்டையும் இரண்டு பேர் பிடித்து முழுசாக இறக்க வேண்டும். மேலிருந்து போடக் கூடாது. வாயில் துண்டு கட்டிக்கொள்வது பாதுகாப்பு ஆகாது. பி-100 வடிகட்டி பொருத்திய சுவாசக்கவசம்தான் சரி. வேலை முடிந்ததும் அந்தத் துணியைத் தனியே நனைத்துத் துவைக்க வேண்டும். குழந்தைகள் அந்தப் பக்கமே வரக் கூடாது. வைக்கோலை முதல் நாளே வேறு இடத்துக்கு மாற்றிவிட வேண்டும்.

இறக்கிய ஷீட்டைக் கனமான பிளாஸ்டிக் தாளில் இரண்டு சுற்றுச் சுற்றி ஒட்டி, 'ஆஸ்பெஸ்டாஸ், உடைக்காதீர்' என்று எழுதிப் படுக்கவைத்து அடுக்க வேண்டும். இதைப் பள்ளம் தூர்க்கவோ, பாதைக்கோ, தொட்டி மூடவோ பயன்படுத்தக் கூடாது. எங்கே ஒப்படைப்பது என்பதை உள்ளாட்சி அலுவலகத்திலும், மாவட்ட மாசுக் கட்டுப்பாட்டு வாரிய அலுவலகத்திலும் எழுத்தில் கேட்க வேண்டும். ஆபத்தான கழிவுகளைப் பாதுகாப்பாகப் புதைக்கும் தளம் கும்மிடிப்பூண்டியில் இருக்கிறது. ஆனால், அவர்கள் ஏற்றுக்கொள்வார்களா, என்ன கட்டணம் என்பது முடிவான பிறகுதான் பிக்கப் வண்டி பேச வேண்டும். அதுவரை சுற்றிய ஷீட், ஆளும் மாடும் மிதிக்காத மூலையில் இருப்பதால் கெடுதல் இல்லை. உடைத்து ஏரியில் போடுவதால்தான் கெடுதல்.

மாட்டின் வயிற்றில் ஆணி

கடைசியாக, மாடு வளர்ப்பவர்கள் மட்டும் கவனிக்க வேண்டியது ஒன்று. கூரை பிரித்த இடத்தில் ஆணி, கட்டுக்கம்பித் துண்டு, வாஷர் எல்லாம் சிதறும். மாடு தீவனத்தை மென்று பார்த்துப் பொறுக்கித் தின்னாது. நாக்கால் வளைத்து அப்படியே விழுங்கும். விழுங்கிய ஆணி இரண்டாம் வயிற்றில் போய்த் தங்கும். அங்கிருந்து நெஞ்சுப்பை தொட்டுவிடும் தூரம்தான். ஆணி குத்தினால் மாடு திடீரென்று தீவனத்தைக் குறைக்கும். பால் ஒரே நாளில் இறங்கும். முதுகை வளைத்து, முன்னங்கால் முட்டியை வெளியே அகட்டி நிற்கும். இறக்கத்தில் நடக்கத் தயங்கும், முனகும். நாளாகிவிட்டால் தாடையிலும் முன்மார்பிலும் நீர் கோர்க்கும். அதன் பிறகு காப்பாற்றுவது கஷ்டம். முதல் அறிகுறியிலேயே கால்நடை மருத்துவரிடம் 'கூரை பிரித்தோம்' என்பதைச் சேர்த்துச் சொன்னால், அவர் எங்கே பார்க்க வேண்டும் என்பது புரிந்துவிடும்.

வராமல் தடுப்பது எளிது. வேலை நடக்கும் நாட்களில் மாடுகளை மர நிழலுக்கோ, தற்காலிகக் கீற்றுப்பந்தலுக்கோ மாற்ற வேண்டும். கழற்றும் ஆணியைப் போட ஆளுக்கு ஒரு டப்பா கொடுக்க வேண்டும். வண்டி போன பிறகு, பழைய ஸ்பீக்கரில் கிடைக்கும் காந்தத்தைக் கயிற்றில் கட்டி, தரை முழுவதும் இரண்டு முறை இழுக்க வேண்டும். வண்டி நின்ற இடம், அது போன வழி, தீவனத்தொட்டி அடி, இந்த மூன்றையும் விடக் கூடாது. காந்தத்தில் ஒன்றும் ஒட்டாத பிறகுதான் மாட்டைக் கட்ட வேண்டும்.

வண்டி பேசும் முன் கேட்க வேண்டியவை

1. தொட்டி எத்தனை யூனிட்? ஆர்.சி.படி எத்தனை டன்?
2. கூலி நடைக்கா, நாளுக்கா? டீசல் யார் செலவு?
3. ஏற்றக்கூலி யாருடையது? தொட்டி தானாகக் கவிழுமா?
4. டிரெய்லரைக் கழற்றி விட முடியுமா? எத்தனை நாள்?
5. எங்கே கொட்டப்போகிறார்? இடத்தைக் காட்ட முடியுமா?
6. நடை கூடினால் என்ன கூலி என்பது முன்பே பேசியாகிவிட்டதா?

ஐந்தாவது கேள்விக்கு 'அதெல்லாம் நான் பாத்துக்கறேன்' என்று பதில் வந்தால், அந்த வண்டி வேண்டாம்.

இதே இதழுக்கு வந்த சிறு கேள்விகள்

''தகரக் கூரையை அள்ளவும் இதே கணக்குதானா?'' - வந்தவாசி வாசகர்.

தகரத்தின் எடை ஓட்டைவிட மிகக் குறைவு. அதைக் கழிவு என்று நினைத்து வண்டிக்குக் கூலி கொடுக்க வேண்டியதில்லை. பழைய இரும்புக் கடைக்காரரே வண்டியோடு வந்து எடை போட்டு எடுத்துக்கொள்வார். எடை போடும்போது கூடவே நிற்க வேண்டும். விளிம்பு கத்தி மாதிரி வெட்டும் என்பதால் தோல் கையுறை அவசியம். காற்றடிக்கும் நேரத்தில் இறக்கக் கூடாது.

''பழைய கீற்றுக் கூரையை எரித்துவிடலாமா?'' - ஆரணி வாசகி.

எரிக்க வேண்டாம். கொட்டகையருகே தீ வைப்பது ஆபத்து, புகையும் மாட்டுக்கு ஆகாது. கட்டுக்கயிறு பிளாஸ்டிக்காக இருந்தால் அதை மட்டும் தனியே எடுத்துவிட்டு, கீற்றைத் துண்டாக்கித் தென்னை, வாழைக்கு மூடாக்காகப் போடலாம். அதில் உள்ள கம்பி, ஆணியைக் காந்தம் வைத்து எடுத்துவிட வேண்டும்.